கொடுத்தே பழகிய கைக்கு வாங்கத் தெரியவில்லை

பெருமையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. நேபுகாத்நேச்சார் அரண்மனையின்மேல் உலாவிக்கொண்டே தான் கட்டின பாபிலோனைப் பார்த்து மெச்சிக்கொண்டதும், ஏரோது புழுப்புழுத்து இறந்ததும் ஞாயிறு பள்ளியிலேயே பாடமான கதைகள். ஆனால் அவர்கள் ராஜாக்கள். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிற சின்ன அச்சகக்காரனுக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒழுங்காகக் கோயிலுக்குப் போய், வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுத்து, குடி சிகரெட் இல்லாமல், சபைக் கமிட்டியிலும் இருக்கிறவனுக்கு வருகிற பெருமை மார்தட்டிக்கொண்டு வராது, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று சொல்லிக்கொண்டேதான் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2020, 2021 இரண்டு வருடத்தில் அது என் வீட்டிலிருந்து பணமாகவும் நகையாகவும் எவ்வளவு கொண்டுபோனது என்பதை எழுதிவைக்கிறேன். என்னைப் போல ஒருவராவது முன்கூட்டியே சுதாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தா உபதேசியார், அதாவது கிராமச் சபைகளில் வேதம் கற்றுக்கொடுக்கிற ஊழியர். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தே ஊழியம் செய்தவர். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடி கோபுரத்தைக் காட்டி, "இதன் நிழலில் படித்தவர்டா உன் தாத்தா" என்று அப்பா சொல்லுவார். நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்பதைப் புதிதாகச் சபைக்கு வருகிற யாரிடமும் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிடுவோம். (அந்தப் பெருமைக்குள் சாதியும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை எழுத ஆரம்பித்தால் இது முடியாது.) அப்போது நான் சபையின் பொருளாளர். ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் (ஆலயத்தின் பக்க அறையில்) காணிக்கை எண்ணுவது, ஊழியர்களுக்குச் சம்பளக் கவர் கொடுப்பது, கிறிஸ்துமசுக்குக் கோயில்பிள்ளைக்கு (ஆலயப் பணியாளருக்கு) வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் கையால்தான் நடக்கும். அறிவிப்பில் பெயர் வாசிக்கும்போது முகத்தைத் தாழ்த்திக்கொள்வேன். வாசிக்காமல் விட்டால் வீட்டுக்கு வரும்வரை மனது ஒரு மாதிரி இருக்கும்.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. ஏப்ரல், மே, ஜூன் முகூர்த்தங்கள்தான் எங்கள் தொழிலின் வருட வருமானம். அடித்து வைத்த பத்திரிகைகளில் தேதி மாறியது, சிலது வாங்கவே ஆள் வரவில்லை. ஐம்பது பேருக்குமேல் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்றானபின் ஐந்நூறு பத்திரிகை யார் அடிப்பார்கள்? எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தோடு முடிந்தது. கடை வாடகை, இரண்டு வேலையாட்களின் சம்பளம், மெஷின் வாங்கிய வங்கிக் கடன் மூன்றும் அப்படியே நின்றன. அந்த நேரத்தில் ஏற்கெனவே ஒழுங்காகக் கடன் கட்டிவந்த சிறுதொழில்காரர்களுக்கு நிலுவையில் 20 சதவீதம் கூடுதல் கடன், அரசு உத்தரவாதத்தோடு தருகிற திட்டம் வந்தது. என் வங்கியிலிருந்தும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் சார், சமாளித்துக்கொள்வேன் என்று சொன்னேன். அந்தக் கிளையில் வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் சபை. நொடிந்துபோனவர்கள் பட்டியலில் என் பெயர் அவர் கண்ணில் படக்கூடாது, காரணம் அவ்வளவுதான். குறைந்த வட்டியில் கிடைத்திருக்கும் பணம் அது. அதை விட்டுவிட்டு ஆகஸ்டில் என் மனைவியின் எட்டுப் பவுனை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வைத்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கினேன். வட்டி ஏறக்குறைய 24 சதவீதம், ஆறு மாதத் திட்டம். அடகுக்கடையில் சபைக்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜங்ஷன் வரைக்கும் போனேன். மாஸ்க் போட்டிருந்தது அன்றைக்கு வசதியாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். கஷ்டம் வருகிறபோது முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எங்கே கடன் வாங்குவது என்பதல்ல. யாருக்குத் தெரியக்கூடாது என்று மனது சொல்கிறதோ அந்த ஆளின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதியிருந்தால் என் பட்டியலில் பத்துப் பதினைந்து பெயர் வந்திருக்கும், எல்லோருமே நம் வேதனைக்கு வருத்தப்படக்கூடிய சாதாரண மனிதர்கள். அந்தப் பெயர்களுக்குப் பயந்து எடுக்கிற முடிவு வட்டியோடுதான் திரும்பி வருகிறது.

சரி, அந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் எங்கே போனது? கடைக்கும் வீட்டுக்கும் என்றுதான் வாங்கினேன். ஆனால் 2019இல் சபை மண்டபம் கட்ட ஆரம்பித்தபோது, ஆராதனையில் எழுந்து நின்று வாக்குக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு முந்தின வரிசையில் என் சித்தப்பா மகன் ஐம்பதாயிரம் என்றான். நான் ஒரு லட்சம் என்றேன். ஐம்பதாயிரம் சொல்லலாம் என்றுதான் வீட்டில் பேசிவிட்டு வந்திருந்தோம். அதில் நாற்பது முன்பே கட்டியிருந்தேன், மீதி அறுபதாயிரத்தை நகைக்கடன் பணத்திலிருந்து நவம்பரில் கட்டினேன். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்கிற, வேதாகமத்தில் பிரசங்கி புத்தகத்தில் வருகிற வசனத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் வாக்குக் கட்ட முடியாத சில குடும்பங்களுக்கு அவகாசம் கொடுத்து கமிட்டி தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அவர்களைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தேன். நானும் அந்த வரிசையில் நிற்கலாம் என்பது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, கூசியது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாழைத்தார், பூசணி, தேங்காய், சேவல், கேக் என்று ஜனங்கள் படைத்ததை ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்கு, சிரிப்பும் சத்தமும் நமக்கு. நல்ல வழக்கம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பந்தயம் ஓடும். பொருளாளர் வாய் மூடி உட்கார்ந்திருந்தால் "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் ஒண்ணும் எடுக்கலையா?" என்று மைக்கிலேயே கேட்பார்கள். அந்த வருடம் கூட்டம் குறைவு, இடைவெளி விட்டு நாற்காலி போட்டிருந்தது. ஒரு வாழைத்தாரை 5,500 ரூபாய்க்கு எடுத்தேன். வீட்டில் அரிசி வாங்கக் கடையில் பாக்கி வைத்திருந்த மாதம் அது. தாரைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் வைத்தபோது என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பழமெல்லாம் ஒரே நேரத்தில் பழுத்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தே தீர்த்தோம்.

ஏலமோ வாக்கோ, கூட்டத்துக்கு நடுவில் தொகை சொல்லாதீர்கள் என்பது என் அனுபவம். வீட்டிலேயே தொகையை முடிவு செய்து கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். எழுந்து நிற்கச் சொன்னால் உட்கார்ந்தே இருங்கள். "பிறகு கவரில் தருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டால் யாரும் இழுத்து நிறுத்துவதில்லை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை நான் ரகசியமாகத் தர்மம் செய்வதைப் பற்றிய அறிவுரை என்று மட்டும்தான் எடுத்திருந்தேன். தருகிறவனின் வீட்டையும் அது காப்பாற்றுகிறது. கமிட்டியில் இருப்பவர்களுக்கும் ஒன்று: எழுந்து நின்று வாக்குக் கொடுக்கிற முறை அதிகப் பணம் கொண்டுவரும், உண்மைதான். அதில் எவ்வளவு எந்த வீட்டு அடகிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது.

அடுத்த சில மாதங்கள்தான் மோசம். வேலையாட்களை நிறுத்தியாயிற்று. ஷட்டரைப் பாதி திறந்து வைத்து, மெஷின் ஓடாமல் உள்ளே உட்கார்ந்திருப்பேன், வெளியே பார்த்தால் கடை நடப்பதுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அயர்ன் சட்டையோடு முன்வரிசை. ஜெப விண்ணப்பச் சீட்டில் "ஒரு சகோதரனின் தொழிலுக்காக" என்று எழுதிப் போட்டேன். அதை எடுத்து வாசித்து ஜெபித்தபோது நானும் கண்ணை மூடி, யாரோ ஒருவருக்காக ஜெபிப்பதுபோல் "ஆமென்" சொன்னேன். ராத்திரி தூக்கம் போய்விட்டது. கோபம் வந்தது, பிள்ளைகள்மேல்தான் காட்ட முடிந்தது. இத்தனைக்கும் ஒவ்வொரு வாரமும் சபைப் பணம் என் கையில் எண்ணப்படுகிறது. ஒரு ரூபாய் தொடவில்லை. ஆனால் "நாளைக்கே வங்கியில் போடாமல் புதன்கிழமை போட்டால் என்ன" என்கிற யோசனை ஒருநாள் வந்தது. வந்தது என்பதே என்னைப் பயமுறுத்தியது. உங்கள் சொந்தப் பணம் ஆட்டம் காணும்போது பொதுப்பணம் புழங்கும் பொறுப்பிலிருந்து விலகிவிடுங்கள். உடல்நிலை என்றோ வேலை என்றோ காரணம் ஜோடிக்காமல், "எனக்கு இப்போது பண நெருக்கடி இருக்கிறது, வேறொருவர் பார்க்கட்டும்" என்று சொல்லி விலகினால் இன்னும் நல்லது. நான் அதைக்கூடச் செய்யவில்லை. பதவி போய்விட்டால் காரணம் கேட்பார்களே.

நகைக்கடன் வாங்கிய சமயத்தில் தங்கம் உச்சத்தில் இருந்தது, பவுன் 43 ஆயிரத்தைத் தொட்டிருந்தது. 2021 மார்ச்சில் 34 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அசலும் ஏறிய வட்டியும் சேர்ந்து நகையின் விலையைத் தாண்டிக்கொண்டிருந்தன. கடைக்கு வந்த பதிவுத் தபால்களை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஒன்று வீட்டு விலாசத்துக்கே வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்கால) நாட்கள் அது, நாங்கள் வீட்டில் சிலுவைத் தியானம் வாசித்துக்கொண்டிருந்த வாரம். மனைவி கவரைப் பிரித்து வாசித்துவிட்டு, "ஏங்க, நகை போனா போகட்டும். என்கிட்ட ஏன் சொல்லல? நான் சிரிப்பேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. ஈஸ்டர் கழிந்து ஏலத்தில் எட்டுப் பவுனும் போனது, எனக்குத் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. மினி ஆப்செட் மெஷினை ஆறு லட்சத்துக்கு வாங்கியிருந்தேன், ஒன்றே முக்கால் லட்சத்துக்கு விற்று வங்கிக் கடனில் போட்டேன்.

நகைக்கடன் வைத்திருப்பவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன். வட்டியை மட்டுமாவது இடையிடையே கட்டினால் பெரும்பாலும் புதுப்பித்துத் தருவார்கள், அதற்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். ஏலத்துக்கு முன் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும், பத்திரிகையில் விளம்பரமும் வரும். அந்த அறிவிப்பைப் பிரிக்காமல் வைப்பதில் லாபம் எதுவும் இல்லை. கடன்போக மீதி இருந்தால் அது நம்முடையது, கேட்டு வாங்க வேண்டும். விலை நன்றாக இருக்கும்போதே ஒரு நகையை நாமே விற்று மற்றதை மீட்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். ஆனால் விற்றால் கழுத்தில் இல்லாதது கோயிலில் தெரியும், அடகு வைத்தால் "லாக்கரில் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதற்காகவே அடகு வைத்தோம்.

மெஷின் போன விஷயம் பரவியது. அந்த வாரம் கோயில்பிள்ளை கடைக்கு வந்தார். மாதம் ஒன்பதாயிரம் சம்பளக்காரர், அந்தக் கவரை மாதாமாதம் கொடுத்தவன் நான். வேட்டி மடிப்பிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் எடுத்து, "ஐயா, பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்னு கேள்விப்பட்டேன். பிறகு தாங்க" என்றார். வேண்டவே வேண்டாம் என்று கையைத் தள்ளினேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் முகம் சுண்டிப்போனது. "எங்க வீட்டுப் பணம் ஆகாதாய்யா?" என்று கேட்டார். அத்தனை வருடமாக அவருக்கு நான் கொடுத்ததெல்லாம் எந்த உயரத்திலிருந்து கொடுத்தேன் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான காரியம் எதுவும் அந்த இரண்டு வருடத்தில் நான் செய்யவில்லை, நகை ஏலத்தில் போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய வியாழன் ஆராதனையில் யோவான் 13 வாசிக்கும்போதெல்லாம் ஆண்டவர் கால் கழுவியதைத்தான் கவனித்திருக்கிறேன், நாமும் அப்படிப் பணிவிடை செய்ய வேண்டும் என்று. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு மறுத்ததைத் தாழ்மை என்றே நினைத்திருந்தேன். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று ஆண்டவர் அதற்கு ஏன் அவ்வளவு கடுமையாகப் பதில் சொன்னார் என்பது அந்த இரண்டாயிரம் ரூபாய்க்குப் பிறகுதான் உறைத்தது. குஷ்டரோகம் தீர எலிசா தீர்க்கதரிசியைத் தேடிப் போன நாகமானையும் பாருங்கள். எலிசா வெளியே வந்து தன்முன் நின்று ஜெபிப்பார் என்று எதிர்பார்த்து வந்த படைத்தலைவனுக்கு, வழி சொன்னது வீட்டில் வேலைசெய்த சிறு பெண், கோபித்துக்கொண்டு திரும்பினவனைச் சமாதானப்படுத்தி யோர்தானுக்கு அனுப்பியது அவனுடைய ஊழியக்காரர்கள். அவனுக்கு உதவி மேலேயிருந்து வரவில்லை, அவனுக்குக் கீழே வேலைசெய்தவர்களிடமிருந்து வந்தது.

இதைப் பற்றி அம்மாவிடம் பேசினபோது இன்னொன்று தெரிந்தது. தாத்தாவின் உபதேசியார் சம்பளம் வீட்டுக்குப் போதாதாம். ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைத்து, கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தப் பிடியரிசியில்தான் அப்பாவும் அத்தைமாரும் வளர்ந்திருக்கிறார்கள். நான்கு தலைமுறைக் கதையில் இந்த அரிசியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோபுரத்தை மட்டும் சொன்னார்கள்.

உதவி வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. வாங்கியதும் இரட்டிப்பாகத் திருப்பித் தருவேன் என்று சொல்லாதீர்கள், அது உதவி செய்தவரை வட்டிக்காரராக மாற்றுகிற வேலை. தேதி, தொகை, பெயர் நோட்டில் எழுதிவையுங்கள். முடிந்தபோது சொன்ன தொகையைக் கொடுங்கள், திருப்பி வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். எல்லோரிடமும் போய்ச் சொல்லவும் வேண்டாம். வீட்டில் ஒருவர், சபையில் ஒருவர், கணக்குத் தெரிந்த ஒருவர் போதும். சபையில் ஒருவர் என்பது ஐயராக, அதாவது சபைப் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் மனம்விட்டுப் பேசிய ஒரு பெரியவர் அடுத்த ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல் என் கதையை உதாரணமாகச் சொன்னார், எல்லோருக்கும் யாரென்று தெரிந்தது. வாய் காக்கிற ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது வேறொருவர் அச்சகத்தில் டிசைன் போடுகிறேன், மாதச் சம்பளம். என்னைவிட இருபது வயது சின்னப் பையன் ஃபாண்ட் சரியில்லை என்று திருத்துகிறான். முதல் சில மாதம் பல்லைக் கடித்தேன், இப்போது பழகிவிட்டது. பாதி நேரம் அவன் சொல்வது சரியாகவும் இருக்கிறது. பெருமை போய்விட்டதா என்றால் இல்லை. பண்டிகை ஏலத்தில் சித்தப்பா மகன் கை தூக்கும்போது இன்றைக்கும் நாக்கு துறுதுறுக்கிறது. பர்ஸ் மனைவியிடம் இருப்பதால் தப்பிக்கிறேன். "நான் ஒன்றுக்கும் உதவாத பாவி" என்று சாட்சி சொல்லி, அதைக் கேட்டு நாலுபேர் மெச்சுவதை ரசிக்கிற இன்னொரு வகையும் என்னிடம் வந்து பார்த்தது. அதனால் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தாழ்மை என்றால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது என்று நினைத்துக்கொள்வதும் ஆபத்து. கடைசியில் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகியபின், சபைப் பொதுக்கூட்டத்தில் மண்டபக் கட்டுமானக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், சில பில்கள் எனக்குப் புரியாமல் இருந்தன. "தம்பி, கர்த்தர் உங்களை நொறுக்கியிருக்கிறார், இன்னும் தாழ்மையாக இருங்க" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. சிலர் சிரித்தார்கள். முன்பென்றால் முகம் சிவந்து உட்கார்ந்திருப்பேன், இல்லையென்றால் நான் யார் தெரியுமா என்று கத்தியிருப்பேன். அன்றைக்கு, "சரிங்கய்யா, இருக்கிறேன். கணக்கை மட்டும் வாசிங்க" என்றேன். பின்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் ஆமாம் வாசிங்க என்று குரல் கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் கணக்கு வந்தது. ஒரு சிமெண்ட் பில் இரண்டு தடவை ஏறியிருந்தது, திருத்தினார்கள்.